மங்கிய கையொப்பம்

வீட்டின் முன்விறாந்தையிற் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்குமாயின், அதனுள் வெள்ளிக் கிண்ணங்களுக்கும் பரிசுக் கேடயங்களுக்கும் நடுவே ஒரு கிரிக்கெட் மட்டையோ, பழைய பந்தோ, சிறிய ஓட்டோகிராப் ஏடோ இருப்பதைச் சில இல்லங்களிற் காண்கின்றோம். கிண்ணத்தின் விலையைத் தட்டானிடம் கேட்டறியலாம். அந்த ஏட்டின் விலையை யாரிடம் கேட்பது? தாளுக்கு விலையில்லை, மைக்கும் விலையில்லை. இன்ன மனிதர் இன்ன நாளில் இத்தாளின்மேற் கைவைத்து எழுதினார் என்பதொன்றே அதன் செல்வம். அச்செல்வத்திற்கு நீராலோ வெயிலாலோ பூச்சியாலோ பழுது நேர்ந்துழி நாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இலங்கையிற் பழைய இல்லங்களில் இத்தகைய ஏடுகள் இருத்தல் வியப்பன்று. வானூர்திப் பயணம் பெருகுதற்கு முன்னர், இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே சென்ற கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்திற் தங்கிச் சென்றன. அவற்றிற் பயணஞ் செய்த கிரிக்கெட் அணியினர் கரையிறங்கி ஒருநாள் ஆடிச் செல்வது வழக்கமாயிற்று. 1948ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி டொன் பிராட்மனின் அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. எதிரணியாகிய இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் நம்மவராகிய மகாதேவன் சதாசிவம். இருபத்திரண்டு யாராக இருக்கவேண்டிய ஆடுகளம் அன்று இருபது யாராகவே அளக்கப்பட்டிருந்தது என்னும் வேடிக்கையையும் கிரிக்கெட் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. அந்த அணியே பின்னர் இங்கிலாந்தில் ஒரு போட்டியிலேனுந் தோல்வி காணாது மீண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1958இல், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். இத்தகையோர்முன் ஏட்டை நீட்டிய சிறுவர் இன்று முதியோர். அவர்தம் ஏடுகள் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. வரும்பொழுது முழுமையாய் வருவன சிலவே.

பழுதுபட்ட பொருளைக் கண்டவுடன் அதனைப் புதிதாக்கல் வேண்டும் என்று மனம் விரைகின்றது. மங்கிய எழுத்தின்மேல் மறுபடி எழுதலாமா? கிழிந்த இடத்தை ஒட்டலாமா? அழுக்கைத் துடைக்கலாமா? இவ்விரைவே பெரும்பகை என்பது நமது துணிபு.

நம் முன்னோர் ஏட்டுச்சுவடி பழுதாகுங்காற் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதிக் காத்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்த சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஓலை அழிந்தாலும் நூல் பிழைத்தது. ஏனெனில், ஆங்கு வேண்டப்பட்டது சொல், எழுதியவன் கையன்று. கையொப்பத்தின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஆங்கு சொல் ஒரு பெயர் மாத்திரமே. அப்பெயரை எவரும் எழுதலாம். வேண்டப்படுவது அந்தக் கை. ஆதலாற் சுவடியைப் பெயர்த்தெழுதினாற் சுவடி வாழும். கையொப்பத்தைப் பெயர்த்தெழுதினாற் கையொப்பம் இறக்கும். மங்கிய கோட்டின்மேல் நாம் ஒரு புதுக்கோடு இழுத்த அக்கணமே அது பிராட்மனின் கையொப்பமாயிராது, நமது கையெழுத்தாகி விடுகின்றது. உருப்பெருக்குக் கண்ணாடிகொண்டு நோக்குவோர்க்கு மேற்கோடும் கீழ்க்கோடும் தனித்தனியே தோன்றும். அன்பினாற் செய்ததெனினும் அதற்கும் போலிக்கும் வேறுபாடு காட்டுதல் பின்னர் அரிதாகும்.

போலி என்பது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் எப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறையினர் போலிக் கையொப்ப வணிகர் கூட்டமொன்றைப் பிடித்தனர். அவர்கள் கைப்பற்றிய பொருள்களுள் அன்னை திரேசா கையொப்பமிட்டனவாகக் கூறப்பட்ட பேஸ்போல் பந்துகளும் இருந்தன! கல்கத்தாவின் ஏழைகளிடையே வாழ்ந்த அவ்வம்மையார் பந்துகளிற் கையொப்பமிட்டு விற்பனைக்கு அனுப்பினார் என்று நம்புதற்கும் ஆள் உண்டு எனக் கருதியவர்கள் அவ்வணிகர்கள். இத்தகைய உலகிலே ஐயத்திற்கிடமின்றி ஒரு வீட்டில் இருந்துவரும் மெய்க் கையொப்பம், மங்கியதாயினும், பெறற்கரியது. அதற்கு நாமே ஐயத்தை உண்டாக்கலாமோ?

கையொப்பத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அது எம்மையினால் எழுதப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். ஊற்றுப் பேனையின் மை பெரும்பாலும் நீரிற் கரைவது. ஒரு துளி நீர் பட்டாலும் பரவும். குமிழ்முனைப் பேனையின் மை நெய்ப்பசையுடையது. நீரை ஒருவாறு தாங்கும். ஆயின் மதுசாரம் பட்டால் இளகும். தடித்த முனையுடைய மார்க்கர்ப் பேனையின் மையும் அத்தகையதே. கையொப்பமிட்ட மட்டையின் அழுக்கை நீக்குதற்குச் சத்திரசிகிச்சைக்குரிய ஸ்பிரிற்றையோ ஓடிக்கொலோனையோ பஞ்சில் நனைத்துத் துடைப்பவர் அழுக்கோடு பெயரையும் துடைத்தவராவார். இம்மையறிவு வேறொரு வகையிலும் உதவும். குமிழ்முனைப் பேனை கடைகளிற் பரவியது 1945இன் பின்னரே. நார்முனைப் பேனைகள் வந்தது 1960களில். ஆகவே, 1948இல் மார்க்கர்ப் பேனையால் இடப்பட்டது என ஒரு கையொப்பத்தை எவரேனும் விற்க வந்தால், அவரைக் கைகூப்பி வழியனுப்பிவிடலாம்.

கையொப்பத்தின் பகைவர் நால்வர். முதற்பகை ஒளி. சுவரிலே சட்டமிட்டுத் தொங்கவிட்ட படத்தின்மேல் நாடோறும் விழும் வெயில் மையை மெல்ல மெல்ல உண்ணும். உண்டதை அது திருப்பித் தருவதில்லை. மங்கிய மையை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. நூதனசாலைகளில் இத்தகைய பொருள்களுக்கு ஐம்பது லக்ஸ் என்னும் மங்கலான ஒளியே அளிக்கப்படுகின்றது. வீட்டிலே அவ்வாறு அளந்து செய்தல் இயலாதெனினும், சாளரத்துக்கு எதிர்ச்சுவரையும் மின்விளக்கின் அடியையும் விலக்குதல் எளிது. விருந்தினர்க்குக் காட்டுதற்கு ஒரு நல்ல நிழற்படப் பிரதியைச் சுவரில் மாட்டி, மூலத்தைப் பெட்டியினுள் வைத்தலே அறிவுடைமை.

இரண்டாம் பகை ஈரம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேற் பலநாள் நிற்குமாயிற் பூஞ்சணம் பற்றும். நம் நாட்டு மாரிகாலத்தில் அந்நிலை நாடோறும் உண்டு. இதற்கஞ்சிப் பொலித்தீன் பையிற் கட்டி வைப்பவர் உள்ளிருக்கும் ஈரத்தையும் உடன் கட்டி வைக்கின்றனர். உலர்ந்த நாளொன்றிற் பொருளை அட்டைப்பெட்டியில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அதிற் படாதவாறு வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. மூன்றாம் பகை பூச்சி. இராமபாணம் தாளை அரிக்கும். கரப்பான் பசையை நாடும். கறையான் வந்தாற் சட்டமும் இராது, படமும் இராது. சுவரோடு சேராமலும் தரையிற் படாமலும் பெட்டியை வைத்தல் முதற்காவல். நப்தலீன் உருண்டைகளைப் பெட்டியினுள் இடுதல் வேண்டா. அவை சிலவகைப் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

நான்காம் பகை நமது அன்பே. செலோரேப் ஒட்டுவதும், லமினேற் செய்விப்பதும், எண்ணெய் பூசுவதும் அன்பின் காரியங்களே. செலோரேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சணித்துத் தாளினுள் ஊறும். நாடா உதிர்ந்தபின்னும் கறை நிற்கும். அக்கறையைக் கரைக்க வல்ல திராவகமோ மையையும் கரைக்கும். லமினேற் செய்த தாள் சூட்டினாற் பிளாஸ்ரிக்கோடு ஒன்றிவிட்ட தாள்; அதனைப் பின் பிரித்தெடுத்தல் பெரும்பாலும் இயலாது. அமெரிக்காவில் ஒரு காலத்திற் பேஸ்போல் பந்துகளின் கையொப்பத்தைக் காத்தற்கு அவற்றின்மேல் அரக்கு வார்னிஷ் பூசினர். அவ்வரக்கு நாளடைவிற் பழுப்பேறியதாற் காக்கப் பூசியதே பெயரை மறைக்குந் திரையாயிற்று. ஆதலின் ஒன்றைச் செய்யுமுன், ‘இதனை நாளை நீக்க இயலுமா?’ என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். இயலாதெனின் அதனைச் செய்யாதிருத்தலே நலம். பேணுதற் கலையின் தலையாய விதி இதுவே.

இவ்விதிக்கமைந்த ஒட்டுமுறை ஒன்றுண்டு. யப்பானில் முசுக்கட்டை இனத்துச் செடியின் நாரினாற் செய்யப்படும் மெல்லிய தாளையும், கோதுமை மாவிலிருந்து பிரித்தெடுத்த மாப்பொருளாற் காய்ச்சிய பசையையும் கொண்டு, கிழிந்த தாளின் பின்புறத்தே ஒட்டுவர். நீர் சிறிது பட்டால் இவ்வொட்டு இளகும், வேண்டியபோது நீக்கலாம். ஆயினும் பசையில் நீர் உண்மையால், ஊற்றுப் பேனையின் எழுத்துக்கு அண்மையில் இதனைச் செய்தலாகாது. எம்மவர் புத்தகங்கட்டும் பசையிற் பூச்சிக்கஞ்சி மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. செம்பின் சத்து தாள் நைந்துபோதலை விரைவுபடுத்துமாதலின் இங்கே அது வேண்டா. கிழிவு கையொப்பத்தை ஊடறுத்துச் செல்லுமாயின் வீட்டில் எதுவுஞ் செய்யாது, இரு துண்டுகளையும் ஒரு சுத்தமான தாளுறையிலிட்டு, தாள் பேணும் பயிற்சியுடையாரிடம் காட்டுதலே தகும். ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் அதனை எறிதலாகாது.

நனைந்த பொருளுக்கோ காலந் தாழ்த்தல் ஆகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இற் கடல் பொங்கியபொழுது காலி கிரிக்கெட் மைதானமே பாழாயிற்று. 2007 டிசம்பரிலேதான் ஆங்கு மீண்டும் டெஸ்ட் போட்டி நிகழ்ந்தது. மைதானத்தை மறுபடி கட்டலாம். நனைந்த ஏட்டிற்கு நாம் பெற்றிருக்கும் தவணை ஏறத்தாழ இரண்டு நாள்களே. அதன்பின் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். நனைந்த ஏட்டை வெயிலிற் காயவைத்தலும், இஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தலும் வேண்டா. எழுத்தின்மேல் அழுத்தி ஒற்றாமல், ஒற்றுத்தாளின்மேல் எழுத்து மேனோக்கியிருக்குமாறு கிடத்தி, நிழலில் விசிறிக்காற்று நேரே படாது உலரவிடுதல் வேண்டும். ஏடு தடித்ததாய்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பின் பிரிக்க முயலாது, மெழுகுத்தாளிற் சுற்றிப் பையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைக்கலாம். உறைந்த நிலையிற் பூஞ்சணம் வளராது. மேற்கொண்டு யாது செய்வதென்று ஆராயக் காலங் கிடைக்கும். இம்முறை தாளுக்கே உரியது. மட்டைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஆகாது.

நிழற்படங்களுக்குத் தனியான ஓர் இடருண்டு. கண்ணாடியோடு நேரே சேர்த்துச் சட்டமிட்ட படம் ஈரக்காலத்திற் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனை இழுத்தாற் படத்தின் மேற்படலம் உரிந்து, வீரரின் முகமும் பெயரும் கண்ணாடியிலேயே நிற்கும். அவ்வாறு ஒட்டியதைக் கண்ணாடியோடேயே விட்டு, அதன்மேலாகவே ஒரு பிரதி எடுத்துக்கொள்க. புதிதாய்ச் சட்டமிடுவோர் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையை விளிம்பாக வைத்து இடைவெளி விடுக. பின்புறத்தே பலகையும் பழைய பத்திரிகைத் தாளும் வைத்தலை ஒழிக்க; அவற்றின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும்.

மட்டை, பந்து, சட்டை ஆகியவற்றுக்குச் சில சொற்கள். ஆடுகின்ற மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் உணவு. கையொப்பமிட்ட மட்டைக்கோ அது நஞ்சு. எண்ணெய் மையைக் கலங்கச் செய்வதோடு காலப்போக்கில் மரத்தையும் கருமஞ்சளாக்கும். பசையுள்ள பிளாஸ்ரிக் தாளை மட்டையின் முகத்தில் ஒட்டுதலும் அவ்வாறே. பிறகொருநாள் அதனை உரிக்கும்பொழுது பெயர்களும் உடன் உரியும். மென்தூரிகையால் தூசு தட்டுதலே போதும். பந்தைக் கையொப்பம் உள்ள பக்கம் விரல்படாது பிடித்து, ஒளிபுகாப் பெட்டியில் வைக்க. சட்டையைத் துவைத்தலும் இஸ்திரிக்கை இடுதலும் வேண்டா. கஞ்சியிடாது பலமுறை துவைத்துலர்ந்த வெண்பருத்தித் துணியை மடிப்புகளின் உள்ளே வைத்துத் தளர மடித்து, ஆண்டுக்கொருமுறை மடிப்பை மாற்றுக. ஏட்டிற்குப் பிளாஸ்ரிக் உறை வாங்குவோர் மணக்கும் மெதுமையான பி.வி.சி. உறையை விலக்கிப் பொலியெஸ்ரர் உறையைத் தேர்க.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு மட்டையைத் துணியிற் சுற்றி எம்மிடம் கொணர்ந்தான். அவனுடைய தந்தையார் 1980களில் ஆடிய பாடசாலை அணியின் பதினொருவரும் குமிழ்முனைப் பேனையாற் கையொப்பமிட்ட மட்டை அது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபொழுது, பாயோடும் பானையோடும் சைக்கிளிற் கட்டிக் கொண்டுசெல்லப்பட்டது. மழையில் நனைந்தது; பின்னர் ஒரு கொட்டிலின் வெயில் விழும் மூலையிற் சாத்தப்பட்டுக் கிடந்தது. நான்கு பெயர்களே ஒருவாறு தெரிந்தன. “சேர், பழைய மாணவர் கூட்டத்துக்கு அப்பா இதைக் கொண்டுபோகப் போறார். புதுப் பேனையாலே ஒருக்கா மேல எழுதிவிட்டால் வடிவாய்த் தெரியும்” என்றான்.

எழுதவேண்டா என்று கூறி, அறையின் சாளரங்களைச் சாத்துவித்து, மின்சூள் ஒன்றை மட்டையின் பக்கவாட்டில் ஏறக்குறையப் படுக்கையாகப் பிடிக்கச் செய்தோம். குமிழ்முனைப் பேனையை மென்மரத்தில் அழுத்தி எழுதுங்காற் சிறு பள்ளம் விழும். மை போயினும் பள்ளம் போகாது. சாய்ந்த ஒளியில் அப்பள்ளங்கள் நிழல்கொண்டு எழுத்தாயின. அவன் ஒவ்வொரு பெயராய் எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒன்பது பெயர்கள் தெளிந்தன. ஒளியை நாற்றிசையும் மாற்றி நிழற்படங்கள் எடுத்தோம். மேலெழுதியிருப்பின் புதுப்பேனை பழைய பள்ளங்களை உழுது அழித்திருக்கும்.

அப்படங்களை அவன் தந்தையாரிடம் காட்டினான். தெரியாத இரு பெயர்களையும் அவரே நினைவிலிருந்து சொன்னார். பதினொருவருள் நால்வர் வெளிநாடுகளில் இருக்கின்றனர். மூவர் போர்க்காலத்தில் மாண்டனர். அம்மூவருள் ஒருவருடைய வீடும் படங்களும் ஏடுகளும் முற்றாய் எரிந்துபோயின. அவருடைய தாயாருக்கு மகனின் கையெழுத்தென்று எஞ்சியிருப்பது அம்மட்டையிலுள்ள ஒருவிரல் நீளப் பள்ளமே. அப்பெயரின் படத்தைப் பெரிதாக்கி அம்முதியவளிடம் கொண்டுபோய்க் கொடுத்ததாக மாணவன் பின்னர் சொன்னான். அவ்வம்மையார் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மட்டையையே ஒருமுறை கொண்டுவருமாறு கேட்டாராம். கொண்டுபோயிருக்கின்றான்.

ஏலக்கடைக்காரன் அம்மட்டைக்கு ஒரு சதமும் கொடான். ஆயினும் பிராட்மனின் கையொப்பத்திற்குரிய விதியே அதற்கும் விதி. உலகப் புகழ்பெற்றோர் கையொப்பங்கள் பல இடங்களில் உள. பாடசாலை அணியில் ஆடிய பையனின் கையொப்பம் ஓரிடத்தில் மாத்திரமே இருக்கக்கூடும்.

ஆகவே, வாசகர்கள் இன்றே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. அதற்குப் பொருட்செலவு இல்லை. வீட்டிலுள்ள கையொப்பப் பொருளை வெளியே எடுத்து, நல்ல பகலொளியில், நேராகவும் பக்கவாட்டிலும் நிழற்படம் எடுத்துக்கொள்க. யார் இட்டது, எங்கே, எந்த ஆண்டு, அருகில் நின்றவர் யாவர் என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு, வேறொரு தாளிற் பென்சிலால் எழுதிப் பெட்டியினுள் இடுக. மையின் ஆயுளை நாம் நீட்டலாமேயன்றி நிலைக்கச் செய்தல் இயலாது. மை மறையுமுன் அதன் கதையை அறிந்தவர் மறைந்துவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. தாத்தாவோ அப்பம்மாவோ இருக்கும்பொழுதே இதனைக் கேட்டுவிடுக.